வாய் திறக்கத் தயங்கும் வெல்ஷ் மொழி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேல்ஸ் நாட்டின் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் மருந்தகங்களிலும் பணிபுரிந்துகொண்டே வெல்ஷ் மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிற, சேர்ந்து பாதியில் நிறுத்திவிட்ட, சேரலாமா வேண்டாமா என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிற தமிழ் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தென்மேற்கு வேல்ஸில் இருக்கும் கார்மார்தன்ஷயரில் செவிலியாகப் பணிபுரிகிறேன். ஐந்தாண்டுகளாக வெல்ஷ் கற்கிறேன். இன்னமும் தப்பும் தவறுமாகத்தான் பேசுகிறேன். ஆகவே இலக்கணம் சொல்லித்தரும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் கடந்த ஓராண்டில் உங்களில் பலர், சொல்லிவைத்தாற்போல, என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள்: "பாடம் புரிகிறது, பயிற்சிகளில் மதிப்பெண்ணும் வருகிறது, ஆனால் வெல்ஷ் பேசுகிற ஒருவர் எதிரில் வந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதே, என்ன செய்வது?" அவரவர்க்குத் தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்ன பதிலை எல்லோருக்கும் ஒருமுறை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். துணிவு வந்த பிறகு பேச ஆள் தேடலாம் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். நானும் அப்படி இரண்டாண்டுகள் காத்திருந்தேன். ஆள் கிடைத்த பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது.

"இங்கே எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியுமே, இது எதற்கு வெட்டிவேலை?" என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வேல்ஸில் மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 17.8 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 5,38,000 பேர், வெல்ஷ் பேசக்கூடியவர்கள். நாடு முழுவதற்குமான இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு நீங்கள் வேலை செய்யும் ஊரை எடைபோட்டுவிடக் கூடாது. கார்மார்தன்ஷயரில் இது 39.9 விழுக்காடு, வடமேற்கில் க்வினெத்தில் 64.4 விழுக்காடு. 2050க்குள் வெல்ஷ் பேசுவோரைப் பத்து லட்சமாக உயர்த்த வேண்டும் என்று வேல்ஸ் அரசு 2017இல் இலக்கு வைத்தது. அரசின் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். மறதி நோய் முற்றிய முதியவர்களில் சிலருக்கு, பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் உதிர்ந்துபோய், தாய் சொல்லிக்கொடுத்த மொழி மட்டும் மிஞ்சியிருக்கும் என்பதை இரவுப் பணி பார்த்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

முதல் இரண்டாண்டுகளை நான் கைப்பேசியோடு கழித்தேன். டுவோலிங்கோ என்ற மொழிப் பயிற்சிச் செயலியில் வெல்ஷ் படித்த எல்லோருக்கும், அதன் பாட வாக்கியங்களில் வரும் ஓவனையும் அவனுடைய பார்ஸ்னிப் கிழங்குகளையும் தெரியும், எனக்கும் தெரியும். நாள் தவறாமல் படித்த பெருமையோடு ஒரு சனிக்கிழமை ரொட்டிக்கடைக்குப் போய், வழியெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். கடைக்காரப் பெண்மணி சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் விலை சொன்னார். அவ்வளவுதான், நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, அடுத்த ஆறு மாதங்களுக்கு எந்தக் கடையிலும் ஒரு சொல் வெல்ஷ் பேசவில்லை. என் உச்சரிப்பு அத்தனை மோசம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அந்தத் தீர்ப்பு தவறு என்று இன்று தெரிகிறது. நான் திணறுவதைக் கண்டு, என்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்ற மரியாதையில்தான் அவர் மொழி மாறினார். நம்மிடமும் இந்தப் பழக்கம் உண்டா இல்லையா? சென்னைக்கு வேலைக்கு வந்த வடநாட்டுப் பெண் ஒருவர் எழுத்தெழுத்தாகக் கோத்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், நாம் "ஓ, யூ ஸ்பீக் தமிழ்!" என்று மகிழ்ந்து, அதற்குப் பிறகு முழுவதும் ஆங்கிலத்திலேயே பேசி அனுப்பிவைக்கிறோம். அவருக்கு நாம் உதவி செய்ததாகவே நினைத்துக்கொள்கிறோம். இங்கே கூடுதலாக ஒன்று உண்டு. நம் நிறத்தையும் முகத்தையும் பார்த்தவுடன் இவருக்கு வெல்ஷ் தெரிந்திருக்காது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அதில் பெரும்பாலும் வஞ்சம் கிடையாது; ஆனாலும் ஒவ்வொரு முறையும் வியப்புக்குரிய பொருளாக நிற்பது சற்றே சலிப்பூட்டும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இதைவிடக் கடினமான இன்னொன்றை நான் பிறகுதான் கண்டுகொண்டேன். இரண்டு பேர் முதன்முதலில் எந்த மொழியில் அறிமுகமாகிறார்களோ அந்த மொழியிலேயே அவர்களுடைய உறவு உறைந்துவிடுகிறது. என்னோடு ஒரே பிரிவில் பணிபுரியும் மூன்று பேருக்கு வெல்ஷ் தாய்மொழி. அவர்களோடு இன்றும் என்னால் இயல்பாக வெல்ஷ் பேச முடியவில்லை, ஏனென்றால் நாங்கள் ஆங்கிலத்தில் நண்பர்களானோம். ஆகவே நீங்கள் தேட வேண்டியது, முதல் நாளிலிருந்தே வெல்ஷில் மட்டும் அறிமுகமாகிற ஒரு புதிய மனிதரை.

அப்படி ஒருவரைத் தேடித்தரும் ஏற்பாடு இங்கே ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பில் அதைச் சொல்லும்போது நம்மில் பலர் தலை குனிந்துகொள்கிறோம் என்பதுதான் சிக்கல். 2016இல் தொடங்கப்பட்ட தேசிய வெல்ஷ் கற்றல் மையம் 'ஷாரட்' என்ற பெயரில் ஒரு திட்டம் நடத்துகிறது. ஷாரட் என்றால் பேசுதல். கற்பவர் ஒருவரையும் சரளமாகப் பேசுபவர் ஒருவரையும் இணைத்துவிட்டு, பத்து மணி நேரம் பேசிக்கொள்ளச் சொல்கிறார்கள். பாடநூல் கிடையாது, தேர்வு கிடையாது. எங்கே சந்திப்பது, எதைப் பேசுவது என்பதெல்லாம் இருவர் விருப்பம். எனக்குக் கிடைத்தவர் எழுபது வயதைத் தாண்டிய, ஆட்டுப்பண்ணையில் வளர்ந்த ஓர் அம்மா. முதல் சந்திப்பில் நான் பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருந்தால் அதிகம். அவர் கேட்டதற்கெல்லாம் 'ஆமாம்' என்ற பொருளில் 'அடு', 'அடு' என்று தலையாட்டினேன்.

இந்த 'அடு'வைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தின் 'யெஸ்' போல எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரே சொல் வெல்ஷில் இல்லை. கேள்வியில் இருக்கும் வினைச்சொல்லையே பதிலாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் மட்டும் அறிந்த என் வகுப்புத் தோழர்கள் இதில் வாரக்கணக்கில் தடுமாறினார்கள். "இன்று வேலைக்கு வருகிறீர்களா?" என்றால் "வருகிறேன்" என்று பதில் சொல்லி வளர்ந்த நமக்கு இதில் என்ன புதுமை? 'டி', 'ஹி' என்ற இரண்டு முன்னிலைச் சொற்கள் நமக்கு நீ, நீங்கள். 'வைத்திருக்கிறேன்' என்று சொல்ல அவர்களும் 'என்னிடம் இருக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள். எல்லோரையும் மிரட்டும் சொல் முதல் திரிபுகூட நமக்கு முழு அந்நியம் ஆகாது. கார்டிஃப் நகரின் வெல்ஷ் பெயரான கயர்டீத் 'க' ஒலியில் தொடங்குகிறது. 'கார்டிஃப்புக்கு' என்னும்போது அந்த ஒலி தங்கத்தில் வரும் 'க' போல மெலிகிறது. 'கார்டிஃப்பில்' என்னும்போது 'ங' ஆகி மூக்கில் ஏறுகிறது. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள் என்று ஆவதை யாரும் நமக்கு அட்டவணை போட்டுக் கற்பிக்கவில்லை. நாம் எழுதாமல் விட்ட ஒலி மாற்றத்தை அவர்கள் எழுத்திலும் காட்டுகிறார்கள், அவ்வளவே. நான்கு வயதுக் குழந்தை 'ழ' சொல்லிப் பழகிய பொறுமையோடு, 'ல' சொல்ல வைத்த நாக்கை அப்படியே வைத்துக்கொண்டு இருபுறமும் காற்றை ஊதினால், லானெத்லி என்று நாம் எப்படியோ சமாளித்து எழுதுகிற ஊரின் பெயரில் வரும் அந்தப் பிடிவாதமான ஒலியும் ஒருநாள் வந்துவிடும்.

ஆனால் இந்த ஒற்றுமைகளையெல்லாம் கண்டுபிடித்து வைத்திருந்த காலத்திலும் நான் ஊமையாகத்தான் இருந்தேன் என்பதை நினைவில் கொள்ளுங்கள். வாய் திறந்தது வேறொரு நாளில், சற்றும் எதிர்பாராத இடத்தில். வகுப்பில் ஆசிரியர் கழிப்பறைக்கான வெல்ஷ் சொல்லைச் சொன்னார்: 'டீ பாஹ்'. சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் 'சின்ன வீடு'. பன்னிரண்டு பேர் இருந்த வகுப்பில் நான் ஒருத்தி மட்டும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தாய் என்று ஆசிரியர் கேட்டார், வெல்ஷிலேயே சொல்ல வேண்டும் என்றும் நிபந்தனை போட்டார். எங்கள் ஊரில் ஒரு மனிதர், அவருக்கு ஒரு மனைவி, ஒரு பெரிய வீடு. மனைவிக்குத் தெரியாமல் இன்னொரு பெண், அவளுக்கு ஒரு சின்ன வீடு. அவர் மாலையில் அங்கே போகிறார் என்று கையையும் காலையும் ஆட்டி, எனக்குத் தெரிந்த முந்நூறு சொற்களுக்குள் அந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது வகுப்பு முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் நான் திரிபுகளை எண்ணாமல் பேசியிருக்கிறேன் என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை பிழை செய்தேன் என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அதே கதையை என் ஷாரட் தோழிக்கும் சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, 'பாஹ்' என்ற சொல்லுக்குச் சிறியது என்பதோடு இன்னொரு பயனும் உண்டு, தென் வேல்ஸில் பிரியமானவர்களை அப்படி விளிப்பார்கள் என்று விளக்கினார். நாம் 'கண்ணு' என்று சொல்வதைப் போல. அன்றிலிருந்து என் பெயருக்குப் பின்னாலும் ஒரு பாஹ் சேர்ந்துகொண்டது. பத்து மணி நேரம் எப்போது முடிந்தது என்று இருவருமே கணக்கு வைக்கவில்லை. இப்போது மூன்றாவது ஆண்டாகச் சந்திக்கிறோம்.

அந்த அம்மாவிடம் நான் கற்றுக்கொண்டவற்றில், வகுப்பில் யாரும் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருநாள் ஒரு சொல்லின் எழுத்து வடிவத்தை அவரிடம் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "என் வெல்ஷ் நல்ல வெல்ஷ் இல்லை, சமையலறை வெல்ஷ், எழுதுவதென்றால் உன் ஆசிரியரைக் கேள்" என்றார். பிறந்தது முதல் அந்த மொழியில் வாழ்ந்தவர், ஆடு மாடுகளை அந்த மொழியில் அதட்டியவர், பெற்றோரை அந்த மொழியில் வழியனுப்பியவர், தன் மொழி தரமற்றது என்று நம்புகிறார். அவர் படித்த காலத்துப் பள்ளி முழுக்க ஆங்கிலம். கடிதம் எழுதவும் படிவம் நிரப்பவும் ஆங்கிலம் மட்டுமே கற்றார். அதற்கும் முந்தைய தலைமுறைகளின் கதை இன்னும் கசப்பானது. 19ஆம் நூற்றாண்டில் பல பள்ளிகளில் வெல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அடுத்து யார் வெல்ஷ் பேசி அகப்படுகிறாரோ அவர் கழுத்துக்கு அது மாறும். நாள் முடிவில் அதைச் சுமந்து நிற்கும் குழந்தைக்குத் தண்டனை. 1847இல் வெளிவந்த அரசு விசாரணை அறிக்கைகள் வெல்ஷ் மக்களின் பின்தங்கிய நிலைக்கும் ஒழுக்கக் கேட்டுக்கும் அவர்களுடைய மொழியையும் காரணமாகக் காட்டின; அவற்றை 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்று இன்றும் குறிப்பிடுகிறார்கள். நான் படித்த ஆங்கிலவழிப் பள்ளியில் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் அபராதம் இருந்தது. அதை அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

கற்பவர் மட்டும்தான் கூச்சப்படுகிறார் என்ற என் எண்ணம் அன்று கலைந்தது. கடைகளில் உங்களிடம் ஆங்கிலத்துக்கு மாறுகிறவர்களில் சிலர், வகுப்பில் படித்துவிட்டு வரும் உங்கள் திருத்தமான வெல்ஷுக்கு முன்னால் தங்கள் பேச்சு எடுபடாதோ என்று தயங்கி மாறுகிறவர்கள். மேடைத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் நடுவே வாழ்கிற நமக்கு இந்தத் தயக்கத்தின் சுவை தெரியும். அந்த அம்மா இப்போது என் கைப்பேசிக்கு வெல்ஷில் செய்தி அனுப்புகிறார். அதற்கு முன்னால் அவர் யாருக்கும் வெல்ஷில் எழுதியதே இல்லையாம். பிழையோடு எழுதும் என்னைப் பார்த்துத்தான் எழுதத் தொடங்கியதாகச் சொன்னார்.

ஒருவர் போதுமா என்று கேட்பீர்கள். தொடங்குவதற்குப் போதும், ஆனால் ஒருவரின் குரலுக்கு மட்டும் பழகிய காது அடுத்த ஊரில் திணறும். பாலுக்கு எங்கள் பக்கம் ஒரு சொல், வடக்கே வேறொரு சொல். 'இப்போது' என்பதற்கும் அப்படியே. திருநெல்வேலிக்காரி கோயம்புத்தூரில் விழிப்பதைப் போல நான் வடக்கே போய் விழித்தேன். பல ஊர்களில் உள்ளூர் மொழி அமைப்புகள் 'பானெட் அ ஸ்கூர்ஸ்' என்ற பெயரில் சந்திப்புகள் நடத்துகின்றன; ஒரு கோப்பைத் தேநீரும் பேச்சும் என்று பொருள். போய் ஓரமாக உட்கார்ந்து கேட்டாலே போதும்.

விடுப்பும் பணமும் இருந்தால் வடமேற்கு வேல்ஸின் லின் தீபகற்பத்தில், கடலோரச் சரிவின் அடியில் இருக்கும் நாண்ட் குர்தெய்ர்னுக்கு ஒருமுறை போய்வாருங்கள். கல்குவாரித் தொழிலாளர்கள் வாழ்ந்து, குவாரி மூடியதால் ஆளில்லாமல் பாழடைந்த கிராமம் அது. அதை மீட்டு மொழிப் பயிற்சி மையமாக்கும் முயற்சியைத் தொடங்கியவர் கார்ல் க்ளவ்ஸ் என்ற பொதுநல மருத்துவர். மான்செஸ்டரில் பிறந்து, வளர்ந்த பிறகு வெல்ஷ் கற்றவர். 1978இல் ஓர் அறக்கட்டளை அந்தக் கிராமத்தை வாங்கியது; 1982இல் முதல் வகுப்பு நடந்தது. நம்மில் மருத்துவர்களாக இருப்பவர்கள், வேலைப்பளுவால் மொழி கற்க நேரமில்லை என்று என்னிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். வாய்விட்டுச் சொல்லத் துணிந்ததில்லை, இப்போது எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள்.

ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும் தேசிய ஐஸ்தெத்வோட் என்ற இலக்கிய, இசை விழாவுக்கும் போகலாம். வடக்கிலும் தெற்கிலுமாக ஆண்டுக்கொரு ஊர் மாறும் அந்த விழாவின் மேடைகளில் வெல்ஷ் மட்டும்தான். 2024இல் பான்ட்டிப்ரித் பூங்காவில் நடந்தபோது போயிருந்தேன். பனிக்கூழ் வாங்கக்கூட வெல்ஷ் பேச வேண்டிய சூழலில், நான்கு மணி நேரத்துக்குப் பிறகு தலைவலியே வந்துவிட்டது. ஆனால் அன்று ஒருவர்கூட என்னிடம் ஆங்கிலத்துக்கு மாறவில்லை.

பணியிடத்தில் பேசுவது குறித்து ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வணக்கம் சொல்லவும், தலையணையைச் சரிசெய்யும்போது நலம் விசாரிக்கவும், வலிக்கிறதா என்று கேட்கவும் உங்கள் அரைகுறை வெல்ஷ் தாராளமாகப் போதும். அது செய்யும் வேலையை மருந்து செய்யாது. ஆனால் மருந்தின் அளவையும் அறுவைக்கான ஒப்புதலையும் விளக்கும் இடத்தில் உங்கள் ஆர்வத்தைச் சோதித்துப் பார்க்காதீர்கள். சரளமாகப் பேசும் சக ஊழியரை அழையுங்கள். வெல்ஷ் பேசுபவர் என்று காட்டும் ஆரஞ்சு நிறப் பேச்சுக்குமிழ்ச் சின்னம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கற்பவர்களுக்கென்றும் அதில் ஒரு வடிவம் உண்டு. அதைச் சட்டையில் குத்திக்கொள்ளும்போது, எல்லாம் தெரிந்தவர் என்று யாரும் உங்களை நினைத்துவிட மாட்டார்கள். உங்களோடு மெதுவாகப் பேசலாம் என்று மட்டும் தெரிந்துகொள்வார்கள். எங்கள் பிரிவில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதியவர் ஒருவர், அந்தச் சின்னத்தைப் பார்த்துவிட்டு, எந்த ஊர்ப் பண்ணைக்காரி நீ என்று கேட்டார். திருநெல்வேலி என்றேன். அது கார்டிகன் ஊருக்கு அந்தப் பக்கமா என்றார். ஆமாம், கொஞ்சம் தள்ளி என்றேன்.

ஆங்கிலத்துக்கு மாறுகிறவர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். கோபமோ மன்னிப்போ வேண்டாம். "டுயின் டஸ்கி கம்ராய்க்", நான் வெல்ஷ் கற்கிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தையும் வெல்ஷிலேயே தொடருங்கள். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். உடைந்த வெல்ஷ் வழுவழுப்பான ஆங்கிலத்தைவிட மேல் என்று எதுகையோடு ஒரு வாசகம் அவர்களிடமே உண்டு: "க்வெல் கம்ராய்க் ஸ்லாக் நா சாய்ஸ்னெக் ஸ்லிக்". தட்டிக்கொண்டே இருந்தால் கல்லும் உடையும் என்று ஒரு பழமொழியும் வைத்திருக்கிறார்கள். முதன்முதலில் கேட்டபோது நம் அம்மி எப்படி இங்கே நகர்ந்து வந்தது என்று திகைத்தேன்.

இரவுப் பணி இல்லாத சனிக்கிழமைகளில் காலை பத்தரை மணிக்கு நானும் அந்த அம்மாவும் கார்மார்தன் சந்தைப் பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்போம். வருவதென்றால் முதல் நாளே எனக்குச் சொல்லிவிடுங்கள். அவர் உங்களுக்கும் சேர்த்து வெல்ஷ் கேக் எடுத்து வருவார். உள்ளே வரும்போது என்னிடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ வணக்கம் சொல்லாதீர்கள். 'ஷுமாய்' என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

அன்புடன்,
கார்மார்தன்ஷயரிலிருந்து உங்கள் சக மாணவி